பெத்தானியாவின் சீமோன்: குணமடைந்த தொழுநோயாளர் சீடராக வாழ்ந்தாரா?

நெய்தல் (இழையைத் தொடங்கியவர்):

நற்செய்தி நூல்களில் இயேசுவால் குணமடைந்த தொழுநோயாளர்கள் பலர் வந்தாலும், குணமடைந்த பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்பதைப் பற்றி அந்நூல்கள் ஏறக்குறைய வாய் திறப்பதே இல்லை. மாற்கு 1ஆம் அதிகாரத்தில் கலிலேயாவில் முழங்காலில் விழுந்து வேண்டிய மனிதர், நடந்ததை ஊரெங்கும் பரப்பிவிட்டுக் கதையிலிருந்து மறைந்துபோகிறார். லூக்கா 17ஆம் அதிகாரத்தில் பத்துப் பேர் குணமாகிறார்கள். அவர்களில் ஒரு சமாரியர் மட்டும் திரும்பி வந்து நன்றி சொல்லி, எழுந்து தன் வழியே போகிறார். பெயர், ஊர், வீடு மூன்றும் சேர்த்துச் சொல்லப்படுபவர் ஒருவர்தான். அவர் பெத்தானியாவில் இருந்த தொழுநோயாளர் சீமோன். மாற்கின் வரிசைப்படி, யூதரின் பாஸ்கா விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவர் வீட்டுப் பந்தியில் இயேசு அமர்ந்திருக்கையில்தான், ஒரு பெண் குப்பியை உடைத்து, 300 தெனாரியத்துக்கு மேல் விலைபோகக்கூடிய நளதத் தைலத்தை அவர் தலையில் ஊற்றுகிறார். ஒரு தெனாரியம் என்பது கூலியாளின் ஒரு நாள் சம்பளம். ஏறத்தாழ ஓராண்டு உழைப்பு அந்த வீட்டில் சில நொடிகளில் கொட்டப்பட்டது.

இந்தச் சீமோனைப் பற்றி என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் நோய் நீங்கியவர்; ஆசாரியரின் சோதனையையும் கடந்து ஊருக்குள் ஏற்கப்பட்டவர்; வீட்டைவிட்டுப் புறப்பட்டு இயேசுவின் பின்னால் நடந்தவர்களைப் போலன்றி, வீட்டிலேயே இருந்துகொண்டு அந்த வீட்டைத் திறந்துவைத்த சீடர். நோய் முற்றியிருந்தவர் வீட்டில் யூதர்கள் கூடி விருந்துண்டிருக்க இயலாது என்பதே இதற்கான முதல் ஆதாரம். மாற்றுக் கருத்துடைய நண்பர்கள் எழுதுங்கள்.

ஏட்டுவாசகன்:

நெய்தல் அவர்களே, நல்ல பொருளை எடுத்திருக்கிறீர்கள். ஆனால் முதல் பத்தியிலிருந்து இரண்டாம் பத்திக்குத் தாண்டிய இடத்தில் பாலம் இல்லை. நூலில் இருப்பது "சீமோன் வீட்டில்" என்பது மட்டும்தான். அந்த விருந்தில் சீமோன் இருந்தார் என்றோ, விருந்தை அவர் நடத்தினார் என்றோ, ஒரு சொல் பேசினார் என்றோ மாற்கும் சொல்லவில்லை, மத்தேயுவும் சொல்லவில்லை. தைலம் வீணாயிற்று என்று முணுமுணுத்தவர்கள் பேசுகிறார்கள், இயேசு பேசுகிறார். வீட்டுக்காரர் மட்டும் எங்கும் இல்லை. லூக்கா 7ஆம் அதிகாரத்தில் வரும் பரிசேயர் சீமோனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: அங்கே வீட்டுக்காரர் மனத்துக்குள் குறை காண்கிறார், இயேசு அவரைப் பெயர் சொல்லி அழைத்துக் கேள்வி கேட்கிறார், அவரும் விடை சொல்கிறார்.

ஆகவே பெத்தானியாச் சீமோன் அப்போது இறந்துபோயிருக்கலாம். அல்லது நோயினால் ஊருக்கு வெளியே எங்கோ ஒதுங்கி வாழ்ந்திருக்கலாம். வீடு மட்டும் அவர் பெயரால் வழங்கியிருக்கலாம். யோவான் 12ஆம் அதிகாரத்தில் இதே போன்ற விருந்து, பாஸ்காவுக்கு ஆறு நாள் முன்னதாக, அதே பெத்தானியாவில் நடக்கிறது. அங்கே பரிமாறுபவர் மார்த்தா, பந்தியில் இருப்பவர் இலாசர், தைலம் பூசுபவர் மரியா. சீமோன் என்ற பெயரே இல்லை. இரண்டும் ஒரே நிகழ்ச்சிதான் என்றால், வீட்டின் பழைய உரிமையாளர் ஒருவர், இப்போது அங்கே வசிப்பவர்கள் வேறு மூவர் என்று கொள்வது இன்னும் எளிது. இயேசுதான் சீமோனைக் குணமாக்கினார் என்பதோ எந்த வசனத்திலும் இல்லை.

கரும்பலகை:

ஓய்வுபெற்ற ஆசிரியன் என்ற முறையில் இரண்டு செய்திகளை மட்டும் இங்கே வைக்கிறேன். ஏட்டுவாசகன் தம்பி எழுப்பும் ஐயம் நியாயமானது. ஆனால் அது புதியதல்ல. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் மத்தேயுவுக்கு உரை எழுதிய திருச்சபை அறிஞர் எரோணிமுஸ் இதே இடத்தில் நின்று யோசித்திருக்கிறார். சீமோன் அந்த நேரத்தில் தொழுநோயாளராக இருக்கவில்லை, முன்பு அப்படி இருந்து மீட்பரால் குணமானவர், குணமாக்கியவரின் வல்லமை வெளிப்படும்படி பழைய பெயரே நிலைத்தது என்கிறார். அதற்குத் துணையாக அவர் காட்டும் எடுத்துக்காட்டுதான் சுவையானது. பன்னிருவர் பட்டியலில் மத்தேயு "வரி வசூலிப்பவர்" என்றே குறிக்கப்படுகிறார். அந்தத் தொழிலை விட்டு எழுந்து வந்த பிறகும் அந்த அடைமொழி அவரை விடவில்லை.

இரண்டாவது செய்தி, பெயரைப் பற்றியது. அந்தக் காலத்து யூதேயாவில் ஆண்களிடையே மிகுதியாக வழங்கிய பெயர் சீமோன். புதிய ஏற்பாட்டிலேயே எத்தனை சீமோன்கள்: பேதுரு என்னும் சீமோன், தீவிரவாதி சீமோன், இயேசுவின் சகோதரர் சீமோன், யூதாசின் தந்தை சீமோன், சிலுவை சுமந்த சிரேனே ஊர் சீமோன், சமாரியாவின் மந்திரவாதி சீமோன், யோப்பாவின் தோல் பதனிடும் சீமோன். இத்தனை பேருக்கு நடுவே ஒருவரைச் சுட்ட ஓர் அடைமொழி தேவைப்பட்டது. நம் கிராமங்களிலும் அம்மைத் தழும்பு ஆறி ஐம்பது ஆண்டு கழிந்தவரை அம்மைத் தழும்பு முத்து என்றுதானே அடையாளம் சொல்கிறார்கள்? அடைமொழி இருப்பதாலேயே நோயும் இருந்தது என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. மாற்கு எழுதும்போது இந்தச் சீமோனைத் தம் வாசகர்களில் சிலருக்காவது தெரிந்திருக்க வேண்டும். தெரியாத ஒருவருடைய பெயரையும் அடைமொழியையும் எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை.

மருந்துப்பெட்டி:

தோல் மருத்துவம் பார்ப்பவன் என்பதால் நோயைப் பற்றிச் சில வரிகள் எழுதுகிறேன். அது முடிவாகாமல் "குணமானார்" என்ற சொல்லுக்குப் பொருள் சொல்ல முடியாது.

இன்று நாம் தொழுநோய் என்று சொல்வது 1873இல் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சென் கண்டறிந்த கிருமியால் வரும் நோய். உணர்ச்சியற்ற தேமல், நரம்புத் தடிப்பு, கவனிக்காமல் விட்டால் விரல்கள் மழுங்குதல் ஆகியவை அதன் அடையாளங்கள். பழைய ஏற்பாட்டில் தூய்மை விதிகளைச் சொல்லும் லேவியராகமம் 13ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். உணர்ச்சி மரத்துப்போவதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆசாரியர் பார்ப்பதெல்லாம் படையின் மேலுள்ள மயிர் வெளுத்திருக்கிறதா, அது சருமத்தைவிடப் பள்ளமாகத் தெரிகிறதா, பரவுகிறதா, பச்சைப் புண் இருக்கிறதா என்பவைதான். ஐயமிருந்தால் ஏழு நாள் அடைத்துவைத்து மறுபடி பார்க்கிறார். பிறகு இன்னும் ஏழு நாள். ஹான்சென் நோய் வெளிப்படவே பல ஆண்டுகள் ஆகும். ஏழு நாள் இடைவெளியில் அதில் பெரிதாக எதுவும் மாறாது. வாரக் கணக்கில் மாறுவது படை, சொறி, காளாஞ்சகப்படை போன்றவை. இன்னும் விந்தை, உடல் முழுதும் ஒரே வெள்ளையாக மாறிவிட்டால் அவன் தீட்டில்லாதவன் என்று அதே அதிகாரம் தீர்ப்பளிக்கிறது. துணியிலும் இந்த "நோய்" வரும் என்கிறது; வீட்டுச் சுவரிலும்கூட வரும் என்கிறது அடுத்த அதிகாரம். ஆக, அந்தச் சட்டத்துக்குள் பல தோல் நோய்கள் அடங்கும். அவற்றில் சில தாமாகவே ஆறுபவை. ஆறும் என்பது தெரிந்திருந்ததால்தான் 14ஆம் அதிகாரம் ஆறியவனை ஊருக்குள் சேர்க்கும் முறையை விரிவாகச் சொல்கிறது.

ஆனால் முதல் நூற்றாண்டு எருசலேமில் உண்மையான தொழுநோய் இல்லவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. நகரின் தெற்கே இன்னோம் பள்ளத்தாக்கை ஒட்டிய அக்கெல்தாமாப் பகுதியில் 2000ஆம் ஆண்டில் ஒரு கல்லறையில் சவத்துணியின் எச்சங்களோடு ஒரு மனிதரின் எலும்புகள் கிடைத்தன. கரிமக் கணிப்பில் அவை கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பாதியைச் சேர்ந்தவை. தொழுநோய்க் கிருமி, காசநோய்க் கிருமி இரண்டின் மரபணுவும் அவற்றில் இருந்ததாக 2009இல் ஆய்வு வெளியானது. அக்கால வழக்கப்படி ஓராண்டு கழித்து எலும்புகளைப் பெட்டிக்கு மாற்றியிருக்க வேண்டும். இவருடையதை மாற்றாமல், வைத்த மாடத்தைச் சுண்ணச்சாந்து பூசி அடைத்துவிட்டார்கள். கல்லறை இருக்குமிடமோ வசதி படைத்தவர்களின் கல்லறைகள் நிறைந்த பகுதி. அதாவது, காசும் குடும்பமும் உள்ளவர்களுக்கும் அந்த நோய் வந்திருக்கிறது. பெத்தானியாவில் விருந்து நடத்தும் அளவுக்கு வீடு வைத்திருந்த ஒரு சீமோனுக்கு வந்திருக்கக் கூடாதா என்ன? ஆனால் அவருக்கு வந்தது இந்த நோய்தான் என்றால், தானாக ஆறும் வாய்ப்பு மிகக் குறைவு. சொறி போன்ற ஒன்று என்றால் அற்புதம் எதுவும் இல்லாமலே ஆறியிருக்கலாம். நூலை வைத்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வழியில்லை.

நெய்தல்:

மருத்துவர் ஐயாவின் பதிவு என் வாதத்துக்கு உதவுவதாகவே நினைக்கிறேன். அந்தச் சமூகத்தில் ஒருவரைத் "தூய்மையானவர்" ஆக்கியது நோய் ஆறியது மட்டுமன்று. ஆசாரியரின் அறிவிப்பும், அதைத் தொடர்ந்த எட்டு நாள் சடங்கும் சேர்ந்துதான். அந்தச் சடங்கைச் சற்று அருகில் போய்ப் பார்க்கலாம்.

முதல் நாள், ஊருக்கு வெளியே, ஊற்றுநீர் நிரம்பிய மண்பாண்டத்தின் மேல் ஒரு குருவியைக் கொல்கிறார்கள். உயிரோடிருக்கும் இன்னொரு குருவியை, கேதுருக் கட்டை, சிவப்பு நூல், ஈசோப்புத் தழை ஆகியவற்றோடு சேர்த்து அந்த இரத்தத்தில் தோய்த்து, ஆறியவன் மேல் ஏழு முறை தெளித்துவிட்டு, வெட்டவெளியில் பறக்கவிடுகிறார்கள். அவன் உடல் மயிரை எல்லாம் மழித்து, துணியைத் துவைத்து, குளித்து ஊருக்குள் வரலாம். ஆனால் ஏழு நாள் தன் வீட்டுக்குள் நுழையக் கூடாது. ஏழாம் நாள் மறுபடி மழிப்பு, இந்த முறை புருவமும் சேர்த்து. எட்டாம் நாள் இரண்டு ஆண் ஆட்டுக்குட்டிகள், ஒரு பெண் ஆட்டுக்குட்டி, மாவு, எண்ணெய் ஆகியவற்றோடு கோயிலுக்குப் போக வேண்டும். ஏழை என்றால் ஓர் ஆட்டுக்குட்டியும் இரண்டு புறாக்களும் போதும்.

எருசலேம் கோயிலில் இது எங்கே நடந்தது என்பதை, ரபிகள் எனப்படும் யூதச் சட்ட ஆசிரியர்களின் தீர்ப்புகளைத் தொகுத்த மிஷ்னா என்னும் நூல் குறித்துவைத்திருக்கிறது. பெண்கள் முற்றத்தின் வடமேற்கு மூலையில் தொழுநோயாளர் அறை இருந்தது. அங்கே மூழ்கி எழுந்து நிக்கானோர் வாயிலில் வந்து நிற்பார். உள்முற்றத்தில் கால்வைக்க அவருக்கு இன்னும் உரிமையில்லை. ஆகவே வாயிலுக்கு வெளியே நின்றபடி தலையை மட்டும் உள்ளே நீட்டுவார், ஆசாரியர் வலது காதுமடலில் இரத்தம் பூசுவார். கையை நீட்டுவார், கட்டைவிரலில் பூசுவார். காலை நீட்டுவார், பெருவிரலில் பூசுவார். அந்த விரல் இல்லாதவன் என்ன செய்வது என்ற கேள்வியையும் மிஷ்னாவில் தோல்நோய்த் தீட்டைப் பற்றிய நெகாயிம் பகுதியின் கடைசி அதிகாரம் எழுப்புகிறது. அவனுக்கு என்றென்றும் தூய்மை இல்லை என்பது முதல் தீர்ப்பு. விரல் இருந்த இடத்தில் பூசினால் போதும் என்கிறார் ரபி எலியேசர். இடப்பக்கத்தில் பூசலாம் என்கிறார் ரபி சிமெயோன். விரல் இழந்தவர்கள் யாரோ உண்மையாகவே அந்த வாயிலில் வந்து நின்றிருக்காவிட்டால் இப்படி ஒரு விவாதம் எழுந்திருக்குமா என்று எனக்குத் தோன்றுகிறது.

ஏட்டுவாசகன் அவர்கள் சொல்வது போல, சீமோன் நோயோடு வீட்டில் இருந்திருக்க முடியாது. தொழுநோயாளி ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் அங்குள்ள பாத்திரமெல்லாம் தீட்டு என்று அதே நெகாயிம் சொல்கிறது. பெத்தானியாவோ எருசலேமிலிருந்து 15 ஸ்தாதியம், அதாவது 3 கிலோமீட்டருக்கும் குறைவு. கலிலேயாக்காரருக்குப் பல நாள் பயணமான நிக்கானோர் வாயில், இந்தச் சீமோனுக்கு ஒரு மணி நேர நடை.

ஏட்டுவாசகன்:

ஓர் எச்சரிக்கை மட்டும். மிஷ்னா தொகுக்கப்பட்டது கி.பி. 200ஐ ஒட்டி; கோயில் இடிந்தது 70இல். விரல் இல்லாதவனைப் பற்றிய விவாதம் பள்ளிக்கூடத்து மாணவர்கள் மூளையைத் தீட்டிக்கொள்ள எழுப்பிய கேள்வியாகவும் இருக்கலாம். ரபிகளுக்கு அது வழக்கம்தான். மற்றபடி கோயிலின் அமைப்பைப் பற்றிய செய்திகளை நானும் ஏற்கிறேன்.

புதியவள்:

வணக்கம். இந்த இழையை ஆர்வத்தோடு படித்துவருகிறேன். ஒரு கேள்வி உண்டு. பெத்தானியாவே தொழுநோயாளர்களுக்கென ஒதுக்கப்பட்ட ஊர் என்றும், சாக்கடல் கரையிலுள்ள கும்ரான் குகைகளில் கிடைத்த பழைய யூதச் சுருள் ஒன்று அதற்குச் சான்று என்றும் ஒரு சொற்பொழிவில் கேட்டேன். அது சரியென்றால், சீமோன் குணமாகாமலே தன் போன்றவர்கள் நடுவில் வீடு வைத்திருந்தார் என்று ஆகிவிடாதா, நெய்தல் அக்கா?

ஏட்டுவாசகன்:

கேள்வி அக்காவுக்கு என்றாலும், சுருளைப் பற்றி நான் எழுதிவிடுகிறேன். அது கோயில் சுருள் எனப்படுவது. 1956இல் கும்ரானின் 11ஆம் குகையில் கிடைத்து, 1967இல் ஆய்வாளர் கைக்கு வந்து, யிகேல் யாதின் 1977இல் பதிப்பித்தார். அதன் 46ஆம் பத்தியில், நகருக்குக் கிழக்கே ஒன்றுக்கொன்று தனித்தனியாக மூன்று இடங்கள் அமைக்க வேண்டும், அவற்றில் ஒன்று தொழுநோயாளருக்கு என்ற கட்டளை இருக்கிறது. ஒலிவ மலையின் கிழக்குச் சரிவில் உள்ள பெத்தானியாவும் எருசலேமுக்குக் கிழக்கேதான். எனவே சீமோன் அங்கே இருந்தது தற்செயல் அல்ல என்று யாதினே கருதினார்.

கருத்து கவர்ச்சியானது, ஆனால் வலுவற்றது. அந்தச் சுருள், இனி கட்டப்பட வேண்டிய கோயிலும் நகரும் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு குழு வரைந்த திட்டம். எருசலேமின் நடைமுறை அப்படியே அதில் இருக்கிறது என்று கொள்ள இடமில்லை. அதோடு, பெத்தானியா ஒதுக்கப்பட்ட ஊர் என்றால், இலாசர் இறந்தபோது எருசலேமிலிருந்து யூதர் பலர் வந்து மார்த்தாவுக்கும் மரியாவுக்கும் ஆறுதல் சொன்னார்கள் என்ற யோவான் 11ஆம் அதிகாரச் செய்தியை என்ன செய்வது? தவிரவும், அங்கே எல்லோரும் தொழுநோயாளர்களாக இருந்தால், சீமோன் ஒருவரை மட்டும் அந்த அடைமொழியால் சுட்டி என்ன பயன்? இந்த ஓர் இடத்தில் கரும்பலகை ஐயாவின் பெயர் வாதம் எனக்கும் கை கொடுக்கிறது.

வழிப்போக்கன்:

சீமோன் சீடரானாரா என்று நாம் இங்கே மயிர் பிளக்கிறோம். நடுக்கால ஐரோப்பா அவரை ஆயராகவே ஆக்கிவிட்டது. பிரான்சின் லே மான் நகரத் திருச்சபை தன் முதல் ஆயர் யூலியனைக் கொண்டாடுகிறது. அந்நகரப் பேராலயமே அவர் பெயரில்தான் நிற்கிறது. வரலாற்று ஆய்வாளர்கள் அவரை 3ஆம் அல்லது 4ஆம் நூற்றாண்டில் வைக்கிறார்கள். ஆனால் 13ஆம் நூற்றாண்டில் யாக்கோபுஸ் தெ வோராஜினே தொகுத்த புனிதர் வரலாறுகளில், இந்த யூலியன்தான் இயேசு குணமாக்கிய, இயேசுவை விருந்துக்கு அழைத்த தொழுநோயாளர் சீமோன் என்றும், இயேசு விண்ணேறிய பிறகு திருத்தூதர்கள் அவரை லே மானுக்கு ஆயராக்கினார்கள் என்றும் சிலர் சொல்வதாகக் குறித்திருக்கிறார். கோல் நாட்டு (இன்றைய பிரான்சு) மறைமாவட்டங்கள் ஒவ்வொன்றும் தன் தொடக்கத்தைத் திருத்தூதர் காலத்துக்கே கொண்டுபோக முண்டியடித்த காலம் அது. ஒன்றுக்கு இலாசர் கிடைத்தார், இன்னொன்றுக்குச் சீமோன் கிடைத்தார்.

தொழுநோய் நீங்கிக் கிறிஸ்தவரானவர் என்ற கதை பேரரசனுக்கும் வாய்த்தது. கான்ஸ்டன்டைனுக்குத் தொழுநோய் வந்ததாகவும், குழந்தைகளின் இரத்தத்தில் குளிக்கச் சொன்ன பூசாரிகளின் பேச்சை அவர் மறுத்ததாகவும், திருத்தந்தை சில்வெஸ்தரிடம் திருமுழுக்குப் பெற்றதும் நோய் நீங்கியதாகவும் ஒரு கதை 5ஆம் நூற்றாண்டளவில் உருவாயிற்று. உரோமையின் சாந்தி குவாத்ரோ கொரொனாத்தி ஆலயச் சிற்றாலயத்தில் 1240களில் தீட்டிய சுவரோவியங்களில், முகமெல்லாம் புள்ளியாகப் பேரரசர் படுக்கையில் உட்கார்ந்திருப்பதை இன்றும் பார்க்கலாம். உண்மையில் கான்ஸ்டன்டைன் திருமுழுக்குப் பெற்றது 337இல் சாவுப் படுக்கையில், உரோமையிலும் அன்று, சில்வெஸ்தரிடமும் அன்று. சில்வெஸ்தர் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். திருத்தந்தையின் அதிகாரத்தை நிறுவ வேண்டிய தேவைக்குப் பேரரசரின் தோலைக் கடன் வாங்கிக்கொண்டார்கள் என்பது என் எண்ணம்.

மட்டுறுத்துநர்:

நண்பர்களே, இலாசர் மர்செய்ல் நகருக்குக் கப்பலேறிய கதையைப் பற்றி இங்கே வந்த மூன்று பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே சீமோனோடு நிற்கவும்.

கரும்பலகை:

வழிப்போக்கன் தம்பி காட்டியது போல, பின்னாள் கதைகள் குணமானவரை உயரமான நாற்காலியில் உட்காரவைக்கவே விரும்புகின்றன. அதற்கு நேர்மாறான ஒரு துண்டு எனக்கு மிகவும் பிடித்தது. லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள எகர்ட்டன் பாப்பிரஸ், 1935இல் வெளியிடப்பட்டது. நான்கு நற்செய்திகளிலும் சேராத ஒரு நற்செய்தி நூலின் கிழிசல்கள். அதில் ஒரு தொழுநோயாளர் இயேசுவிடம் வந்து தன் கதையைத் தானே சொல்கிறார்: தொழுநோயாளர்களோடு சேர்ந்து பயணம் செய்து, சத்திரத்தில் அவர்களோடு உண்டதால் தனக்கும் நோய் வந்ததாக. பிறகு, நீர் விரும்பினால் நான் தூய்மையாவேன் என்கிறார், ஆண்டவர், விரும்புகிறேன் என்கிறார், நோய் நீங்குகிறது, ஆசாரியரிடம் காட்டும்படி அனுப்பப்படுகிறார்.

நான்கு நற்செய்திகளிலும் இல்லாத ஒன்று இங்கே இருக்கிறது: நோய் வந்த வழி. சேர்ந்து உண்டது. பாலஸ்தீன வழக்கம் அறியாத ஒருவர் எழுதியது என்று இதை ஒதுக்குவோர் உண்டு. ஏனெனில் அங்கே தொழுநோயாளரும் மற்றவரும் ஒரே சத்திரத்தில் உண்பது எளிதன்று. அப்படியே இருக்கட்டும். குஷ்டரோகியோடு ஒரே பந்தியில் உட்காருவதுதான் எல்லோர் மனத்திலும் இருந்த அச்சம் என்பதற்கு இது சான்று. அந்த அச்சத்துக்கு நடுவில்தான் பெத்தானியாவில் ஒரு பந்தி விரிக்கப்பட்டது. தொழுகைக்கூடத்தில்கூட இவர்களுக்கென 10 கையகல உயரத்தில் ஒரு தட்டி கட்டி, மற்றவர் வருமுன் உள்ளே அனுப்பி, மற்றவர் போன பிறகு வெளியே விடும் ஏற்பாடு நெகாயிம் 13ஆம் அதிகாரத்தில் சொல்லப்படுகிறது. சந்நிதியில் தட்டி வேண்டியிருந்தவருக்குத் தன் வீட்டுப் பந்தி எத்தனை பெரிய காரியம் என்று எண்ணிப் பாருங்கள், தம்பி.

ஏட்டுவாசகன்:

எண்ணிப் பார்க்கிறேன், ஐயா; நெஞ்சைத் தொடுகிறது. ஆனால் "சீடர்" என்ற சொல்லுக்கு இன்னும் யாரும் ஆதாரம் தரவில்லை. சீமோன் குணமடைந்தவராகவே இருக்கட்டும். விருந்தில் இருந்ததாகவும் வைத்துக்கொள்வோம். விருந்து கொடுப்பவரெல்லாம் சீடரா? பரிசேயர் சீமோனும் விருந்து கொடுத்தார். கால் கழுவத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை என்று இயேசுவிடம் குறைச்சொல்லும் கேட்டார். மாற்கைப் பொறுத்தவரை சீடர் என்பவர் வலையை விட்டு, சுங்கச் சாவடியை விட்டு, பின்னால் நடப்பவர். எரிகோவில் பார்வை பெற்ற பர்த்திமேயு வழியிலே அவரைப் பின்தொடர்ந்தார் என்று மாற்கு தெளிவாக எழுதுகிறார். சீமோனைப் பற்றி அப்படி எழுத மாற்குக்கு ஒரு வரி போதுமே, ஏன் எழுதவில்லை?

நெய்தல்:

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். பின்னால் நடப்பது மட்டுமே சீடத்துவம் என்றால், மாற்கு நூலின் கடைசி வாரமே நடந்திருக்காது. அந்த வாரத்தில் இயேசு ஒவ்வொரு மாலையும் நகரைவிட்டு வெளியேறுகிறார். பன்னிருவரோடு பெத்தானியாவுக்குப் போனார் என்று 11ஆம் அதிகாரம் சொல்கிறது. பாஸ்காவுக்கு மாடியறை கொடுத்தவருக்குப் பெயர் இல்லை. கழுதைக்குட்டியை அவிழ்த்துக்கொண்டு போக விட்டவர்களுக்கும் பெயர் இல்லை. இவர்கள் எவரும் எங்கும் நடந்து போகவில்லை. இவர்கள் இல்லாமல் எருசலேமில் இயேசுவுக்குத் தலைசாய்க்க இடமும் இல்லை. எருசலேம் சபை ஆபத்தில் இருந்த நாள்களில் இந்தக் கதை முதலில் சொல்லப்பட்டதால், பிடிபடக்கூடியவர்களின் பெயர்களை வேண்டுமென்றே மறைத்தார்கள் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. தைலம் ஊற்றிய பெண்ணுக்கும், தோட்டத்தில் வாளை உருவியவருக்கும் மாற்கு பெயர் தராததை அவர்கள் அப்படித்தான் விளக்குகிறார்கள். அப்படியென்றால், சீமோனின் பெயரை மட்டும் துணிந்து சொன்னது, அவர் அதற்குள் யாராலும் தொட முடியாத நிலைக்குப் போய்விட்டதாலோ என்னவோ. இங்கே ஏட்டுவாசகன் அவர்கள் சொன்ன "இறந்திருக்கலாம்" என்பது எனக்கும் பொருந்திவருகிறது; ஆனால் அவர் இறந்தது விருந்துக்கு முன்னால் அன்று, நூல் எழுதப்படும் முன்னால்.

இன்னொன்று நாளைப் பற்றியது. பாஸ்காவுக்கு முன் தங்களைத் தூய்மைப்படுத்திக்கொள்ள நாட்டுப்புறத்திலிருந்து பலர் முன்னதாகவே எருசலேமுக்கு வந்தார்கள் என்று யோவான் 11 சொல்கிறது. தீட்டுப்பட்டவர் பாஸ்கா உண்ண முடியாது. பிணத்தால் தீட்டானவர் ஒரு மாதம் காத்திருந்து இரண்டாம் பாஸ்காவை உண்ண வேண்டும் என்பது எண்ணாகமத்தின் விதி. எந்த வீட்டுக்குள் நுழைகிறோம், யார் பாத்திரத்தில் உண்கிறோம் என்று ஆண்டிலேயே மிகக் கவனமாக இருந்த வாரம் அது. அந்த வாரத்தில், இன்னும் தொழுநோயாளர் என்றே ஊர் அழைக்கும் ஒருவரின் வீட்டில் ஒரு கூட்டமே பந்தியில் சாய்ந்திருக்கிறது. முணுமுணுத்தவர்கள்கூடத் தைலத்தின் விலையைப் பற்றித்தான் முணுமுணுத்தார்கள். வீட்டின் தீட்டைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. சீமோன் தூய்மையானவர் என்பது அங்கே எவருக்கும் ஐயமில்லாத ஒன்றாக இருந்திருக்கிறது.

அந்த விருந்துக்கு முன்னும் பின்னும் மாற்கு வைத்திருப்பதையும் பாருங்கள். முன்னால், தலைமை ஆசாரியர்கள் இயேசுவைப் பிடிக்க வழி தேடுகிறார்கள். பின்னால், யூதாசு அவர்களிடம் போகிறான். தேடப்படுபவரை வீட்டுக்குள் வைத்திருப்பவருக்கு என்ன நேரும் என்று சீமோனுக்குத் தெரியாதா? அவரைத் தூய்மையானவர் என்று அறிவித்ததும் அதே ஆசாரியக் கூட்டம்தான். பரிசேயர் சீமோன் விருந்து கொடுத்தது கலிலேயாவில், ஆபத்தில்லாத காலத்தில். இரண்டையும் ஒரே தராசில் வைக்க என் மனம் ஒப்பவில்லை.

யோப்பாவின் சீமோனையும் கரும்பலகை ஐயா குறிப்பிட்டார். செத்த விலங்கின் தோலோடு பழகுவதால் மதிப்பில்லாத தொழில் அவருடையது. கடலோரத்தில் இருந்த அவர் வீட்டில்தான் பேதுரு பல நாள் தங்கினார் என்று திருத்தூதர் பணிகள் சொல்கிறது. அவரையும் சீடர் என்று அந்நூல் அழைக்கவில்லை. வீட்டை மட்டும் சொல்கிறது. தூய்மை, தீட்டு என்பதைப் பற்றிய காட்சியைப் பேதுரு கண்டது அந்த வீட்டின் மேல்மாடியில்தான்.

மருந்துப்பெட்டி:

ஆசாரியர் அறிவிப்பையும் ஆசாரியர் தேடுதலையும் நெய்தல் அவர்கள் இணைத்த இடம் எனக்குப் புதிது. மாற்கு 1ஆம் அதிகாரத்தில் குணமானவரை அனுப்பும்போதும், "அவர்களுக்குச் சான்றாக" என்ற தொடர் வருகிறது அல்லவா? குணமான ஒவ்வொருவரும் நிக்கானோர் வாயிலில் போய் நின்றபோது, யார் குணமாக்கியது என்று உள்ளிருந்தவர்கள் கேட்காமல் இருந்திருப்பார்களா?

புதியவள்:

இன்னும் ஒரு கேள்விக்கு மன்னிக்கவும். ஒலிவ மலைச் சரிவில் பிரான்சிஸ்கன் துறவியர் 1950களில் அகழ்ந்த தோமினுஸ் ஃப்ளெவித் கல்லறைகளில், மார்த்தா, மரியா, சீமோன் என்ற பெயர்கள் பொறித்த எலும்புப் பெட்டிகள் கிடைத்தனவே. அது பெத்தானியா வீட்டாருடையதாக இருக்க வாய்ப்பு உண்டா?

ஏட்டுவாசகன்:

பெயர்களை மட்டும் வைத்துச் சொல்வதென்றால், இல்லை. சீமோன் அக்காலத்தில் ஆண்களிடையே முதலிடத்தில் இருந்த பெயர் என்று மேலே பேசினோம், பெண்களில் மரியாவும் அப்படியே, மார்த்தாவும் அரிதன்று. எருசலேமைச் சுற்றி எந்தப் பெரிய கல்லறைத் தொகுதியைத் திறந்தாலும் இந்தப் பெயர்களில் சில கிடைக்கும். அந்தப் பெட்டிகளில் ஏதாவது ஒன்றில் தொழுநோயாளர் என்ற அடைமொழியும் பொறித்திருந்தால் நானே முதல் ஆளாக நெய்தல் அவர்களின் பக்கம் வந்து நிற்பேன். அதுவரை, வீடு திறந்திருந்தது என்பதை ஏற்கிறேன். கதவைத் திறந்தவர் கை சீமோனுடையதுதான் என்பதை இன்னும் ஏற்கவில்லை. மருத்துவர் கேட்ட கேள்வி இதைவிடப் பயனுள்ளது. தலைமை ஆசாரியர்களுக்கு இயேசுவைப் பற்றிய செய்தி எந்தெந்த வழியாகப் போய்ச் சேர்ந்தது என்று ஒரு தனி இழை தொடங்கினால், அங்கே தொடர்ந்து எழுதுகிறேன்.